விருந்தாளியின் கடிகாரம்

என்.சி. வீதியில் ஐஸ் கடைக்கு மேலே ஓர் அறை.
மூன்று சேர்வர்,
வங்கி ஏலத்தில் பழைய இரும்பு விலைக்கு எடுத்தவை.
அவை உறுமத் தொடங்கினால்
கீழேயிருந்து சலாஹுதீன் நானா
குச்சியால் கூரையைத் தட்டுவார்:
"புள்ளைகள், மீன் பழுதாப் போகுது, கரண்ட விடுங்க."

ஓர் இயந்திரத்துக்குள் ஏழு இயந்திரம் எப்படி என்று
புதிதாக வருபவர் கேட்டால்
கன்னியாவைச் சொல்வோம்:
அடுத்தடுத்து ஏழு கிணறு,
ஒவ்வொன்றுக்கும் வேறு சூடு,
அடியில் ஒரே நெருப்பு.
"நெருப்பை யார் பார்த்தது?" என்பான் உபுல், ஒவ்வொரு முறையும்.
பார்க்கலாம், உபுல்.
இங்கே மூடிவைத்த வரி ஒன்றுகூட இல்லை.
அதற்காகத்தான் சம்பளமில்லாமல் இருக்கிறோம்.

எங்கள் பேச்சில்
வெளியே நிற்கும் இயந்திரம் வீட்டுக்காரர்,
உள்ளே ஓடுவது விருந்தாளி.
கரண்ட் போகும். பற்றரி கொஞ்சம் தாங்கும்.
வீட்டுக்காரர் விருந்தாளியை அப்படியே உறங்கவைப்பார்.
எழும்பும்போது
விருந்தாளிக்கு இன்னும் நேற்றுப் பின்னேரம் நாலு பத்து.
நடுவில் ஓர் இரவு போனதை
யாரும் அதற்குச் சொல்லவில்லை.

பாலம் கடந்து கிண்ணியாவிலிருந்து வரும் நஸ்மியாதான்
முதலில் கண்டாள்.
மீனவர் சங்கக் கணக்கில்
ஒரே அறக்குளாவை இரண்டு நாள் விற்றிருந்தது.
எழுதி அனுப்பினாள்.
தாலினிலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது:
இங்கே அப்படி நடக்கவில்லை.

நடக்காதுதான்.
அங்கே கரண்ட் போவதில்லை.

பிறகு ஒரு சி.ஆர். கொப்பி, எட்டு மாதம்,
நாற்பத்தொரு மின்வெட்டு:
போன நேரம், வந்த நேரம், விருந்தாளி சொன்ன பொய்.
இடி விழுந்த நாட்களுக்குச் சிவப்புப் பேனை.
கடைசியில் பதினொரு வரி
உலகம் முழுக்க ஓடும் ஒன்றுக்குள் போய்ச் சேர்ந்தது.
அதில் ஒரு வரி வெறும் குறிப்பு:
"மின்சாரம் நிச்சயமில்லாத ஊர்களுக்காக."
அதை எடுத்துவிடலாமா என்று தாலின்காரர் கேட்டார்.
நஸ்மியா ஒரு சொல்லில் பதில் போட்டாள்.
குறிப்பு இருக்கிறது.

குகதாசன் ஒரு வரியும் எழுதவில்லை.
ஒரே கேள்விக்குப் பதினேழாம் தரமும்
முதல் தரம் போலப் பதில் சொன்னான்.
மூதூரில் ஒரு பெடியன்
தட்டு முழுவதையும் அழித்துவிட்டு அழுதபோது
கடைசி பஸ்ஸில் போய்
விடியும்வரை கூட இருந்தான்.
ஓர் ஆவணியோடு அவன் வரவில்லை.
சண்டை ஒன்றும் இல்லை.
மூன்று கிழமை
எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை.
இதை நான் எழுதத்தான் வேண்டும்.
பதிலில்லாத கேள்விகள் குவிந்தபிறகே
ஓர் ஆள் குறைவது தெரிந்தது.

லிங்கநகரில் அவன் வீட்டுக்குப் போனேன்.
கதவில் நின்றபடி கேட்டான்,
"இப்ப எத்தனையாம் பதிப்பு?"
சொன்னேன்.
அவனிடம் இருந்தது அதற்கு இரண்டு முந்தியது.
தேத்தண்ணி போட்டான், சீனி கூட.
"களைச்சுப் போனன்" என்றான்.
திரும்பி வா என்று நான் கேட்கவில்லை.
அவனுடைய கேள்விகளை
நாலு பேராகப் பிரித்துக்கொண்டோம்.
செவ்வாய் எனது.

இன்றைக்குச் செவ்வாய்.
வீதியில் அலையும் மான்களில் ஒன்று
படியடிக்கு வந்து
சேர்வர் வந்த அட்டைப்பெட்டியைத் தின்கிறது.
விரட்டவேண்டும்.
பிரேசிலில் ஒருத்தி கேட்டிருக்கிறாள்:
என் விருந்தாளி ஏன் நேற்றிலேயே நிற்கிறது?
பழைய பதிப்பு வைத்திருக்கிறாள் போல.
எங்கே இருக்கிறாள், அங்கே கரண்ட் எப்படி என்று
முதலில் விசாரிக்கிறேன்.
மான் அட்டையை முடித்துவிட்டு
வயரை முகர்ந்து பார்க்கிறது.
கீழே குச்சி தட்டுகிறது.